மேடைப் பேச்சுக்குப் போகும் நாளை ஓய்வு நாள் கணக்கில் எழுதலாமா? ஊட்டி, குன்னூர் பக்கம் ரேஸ் சேர் (பந்தயச் சக்கர நாற்காலி) ஓட்டுபவர்கள் சொல்லுங்க

கேத்தி 54 · நவம்பர் 14, இரவு 9.40

டி54 (சக்கர நாற்காலி ஓட்டத்தில் ஒரு பிரிவு), 1500, 5000 மீட்டர். பிப்ரவரி மூன்றாம் வாரம் சென்னையில் போட்டி. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள் வருவதால் தன்னம்பிக்கைப் பேச்சுக்கு ஏழு அழைப்பு: நாலு பள்ளி, ரெண்டு கல்லூரி, ஒரு தேயிலை எஸ்டேட். வாரம் ஆறு நாள் பயிற்சி, ஒரு நாள் ஓய்வு. பேச்சையெல்லாம் ஓய்வு நாளில் போட்டுவிட்டால் பயிற்சி ஒன்றுகூடக் கெடாது என்பது கணக்கு. ஓட்டை இருந்தால் காட்டுங்க.

பழைய ரிம் · நவம்பர் 14, இரவு 10.55

ஓட்டை இல்லை, கணக்கே தப்பு. பேச்சு நாள் ஓய்வு நாள் ஆகாது.

ஒரு பேச்சுக்கு எத்தனை தடவை உடம்பைக் கையால் தூக்கி மாற்றுகிறீர்கள் என்று எண்ணுங்க. கட்டிலிலிருந்து சேருக்கு 1. காரில் ஏற 1, இறங்க 1. அங்கே கழிப்பறையில் 2. திரும்பக் காரில் ஏற 1, இறங்க 1. வீட்டுக் கழிப்பறையில் 2. ராத்திரி கட்டிலுக்கு 1. மொத்தம் 10. வழியில் டீக்கடையில் இறங்கினால் 12. வீட்டோடு இருக்கிற நாளில் இது நாலைந்தில் முடியும். காரில் ஏறுவது கட்டிலுக்கு மாறுவது போலவும் இல்லை. ஒரு கை தாழ்வாக, ஒரு கை உயரமாக ஊன்றித்தான் ஏறவேண்டும். தோள் மூட்டு அதிகம் நெரிபடுவது அங்கேதான்.

ரிம்மை (சக்கரத்தைக் கையால் அடித்துத் தள்ளும் வளையம்) அடிக்கிற அதே தோள்தான் இதையும் செய்கிறது. அதற்கு எது பயிற்சி, எது பொதுச்சேவை என்று தெரியாது.

கோத்தகிரி மூடுபனி · நவம்பர் 15, காலை 7.10

மேடைக்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்களே, அது எந்தக் கணக்கு? பல்லக்கா?

பழைய ரிம் · நவம்பர் 15, காலை 7.32

அது ஆபத்துக் கணக்கு. தூக்க வருபவர்கள் கைப்பிடிப் பலகையையும் கால்மிதியையும்தான் பிடிப்பார்கள். ரெண்டும் கழற்றி மாட்டுகிற பாகம், பாதிப் படியில் கையோடு வந்துவிடும். வெல்டு வைத்த சட்டத்தை மட்டும் பிடிக்கச் சொல்லணும். ஏறும்போது சேரின் முதுகு படியைப் பார்க்கணும். இறங்கும்போது முகம் கீழே பார்க்க, சேர் பின்னால் சாய்ந்திருக்க, பலசாலி ஒருவர் மேல்படியில் நிற்கணும்.

இதைவிட நல்ல வழி, மேடையே வேண்டாம் என்பது. சாய்தளம் 1க்கு 12 என்று வைத்தால் 3 அடி மேடைக்கு 36 அடி நீளம் வேணும். மலைப் பள்ளியில் 36 அடி சமதளம் கிடைத்தால் அங்கே ஏற்கனவே ஒரு வகுப்பறை கட்டியிருப்பார்கள். தரையிலேயே இருந்து பேசுங்க, நாற்காலிகளைப் பிறை வடிவில் போடச் சொல்லுங்க. பின்வரிசைக்குத் தெரியாது என்றால் 15 சென்டிமீட்டர் உயரப் பலகை மேடை போதும். அதற்கு 1.8 மீட்டர் சாய்தளம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், அடியில் குறுக்குச் சட்டம், ஏறும் பக்கம் சொரசொரப்பான பட்டை. தச்சருக்கு அரை நாள் வேலை.

தோள்பட்டை · நவம்பர் 15, இரவு 8.15

பிசியோ பக்கத்திலிருந்து. பழைய ரிம் சொன்ன 10ஐ ஒப்புக்கொள்கிறேன். அவர் மறந்தது மலைப்பாதை.

மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு. இடுப்புக்கு மேல் தசைக்கட்டுப்பாடு இல்லாதவர் ஒவ்வொரு வளைவிலும் கதவின் மேல்பிடியைப் பிடித்துத்தான் சாயாமல் இருக்கிறார். ஒன்றரை மணி நேரம் அப்படிப் பிடித்திருப்பதே முன்கைக்கும் தோளுக்கும் ஒரு வேலை. அதைக் குறைக்க: முன் இருக்கை, சீட் பெல்ட்டோடு மார்புக்குக் குறுக்கே இன்னொரு பட்டை, இடுப்பின் இரண்டு பக்கமும் கெட்டியான தலையணை. பஞ்சுத் தலையணை அமுங்கிப்போகும், சுருட்டிக் கட்டிய கம்பளி நல்லது. கால் தொங்கி வீங்கும், பாதத்துக்கு அடியில் ஏதாவது பெட்டி வையுங்க.

கேத்தி 54 · நவம்பர் 16, காலை 6.20

சரிங்க, அப்போ பேச்சையும் பயிற்சிச் சுமையாகவே எழுதிடலாமா? கஷ்டம் 10க்கு எவ்வளவு என்று போட்டு நிமிடத்தால் பெருக்குகிற முறைதான் இப்போ. 60 நிமிட ரோலர் (சேரை உருளை மேல் ஏற்றி நின்ற இடத்திலேயே ஓட்டுவது), கஷ்டம் 7, சுமை 420. பேச்சு நாள் 6 மணி நேரம், கஷ்டம் 2 என்றால் 720 வருதே!

தோள்பட்டை · நவம்பர் 16, இரவு 9.05

அந்தப் பெருக்கல் உடற்பயிற்சி நேரத்துக்கு ஆனது. காத்திருக்கும் நேரத்தை அதில் போட்டால் இப்படித்தான் கேலிக்கூத்தாகும். பேச்சு நாளுக்குத் தனியாக மூன்று எண் எழுதுங்க: எத்தனை மாறுதல், எத்தனை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தது, மறுநாள் காலை தோள் வலி 10க்கு எவ்வளவு. மூன்று வாரம் எழுதினால் உங்களுக்கே ஒரு எல்லை தெரியும்.

களைப்பை அறியக் காலை நாடித்துடிப்பை நம்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. டி54இல் கீழ் முதுகுத்தண்டு பாதிப்பு என்றால் ஓரளவு நம்பலாம். மார்புப் பகுதி ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே பாதிப்பு என்றால் இதயத்துக்குப் போகும் நரம்புக் கட்டளையே குறைவு, உச்சத் துடிப்பு பலருக்கு 110, 130லேயே நின்றுவிடும். அவர்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் மண்டலக் கணக்கு பயன்படாது.

மைக் முன்னாடி · நவம்பர் 17, பகல் 1.30

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஆட்சேபணை. எல்லாரும் தோளையே பேசுறீங்க. மூச்சை யாரும் கேட்கலை.

ரேஸ் சேரில் மார்பு முழங்காலில் படிய ஒரு மணி நேரம் குனிந்து ஓட்டிவிட்டு வருபவரின் விலாத்தசை களைத்திருக்கும். வயிற்றுத்தசையும் வேலை செய்யாதவர் என்றால் ஒரு மூச்சுக்கு வரும் சொற்கள் குறைவு. தமிழில் பேச இது தனித் தொல்லை. நம்ம மொழியில் வினைச்சொல் கடைசியில் வருது. நீட்டி முழக்கி ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் மூச்சு தீரும் இடத்தில்தான் வினை நிற்கும். "போட்டிக்குப் போன எல்லாரும் அன்னைக்கு மழையில்..." என்று இழுத்து, ஓடினார்களா ஓடவில்லையா என்பது யாருக்கும் கேட்காது.

வழி: ஏழெட்டுச் சொல்லுக்கு ஒரு வினை. பேச்சை எழுதி, வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்கும் இடத்தில் கோடு போடுங்க. கோடு வாக்கியத்தின் நடுவில் விழுந்தால் அந்த வாக்கியத்தை உடையுங்க. வயிற்றுப்பட்டை கட்டும் பழக்கம் உள்ளவர் பேசும்போதும் கட்டிக்கொள்ளலாம், உதரவிதானத்துக்குத் தாங்கல் கிடைக்கும்.

20 நிமிடப் பேச்சுக்கு 1800 சொல் போதும். 2500 எழுதிக்கொண்டு போகாதீங்க.

பழைய ரிம் · நவம்பர் 17, இரவு 10.20

மூச்சு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அதை வைத்து முந்தைய யோசனையை மாற்றுகிறேன். (முந்தைய யோசனையை இங்கே எழுதவே இல்லை, மனசில் இருந்தது: கடினப் பயிற்சி முடிந்த கையோடு பேச்சு.) கையோடு கூடாது. ஐந்து மணி நேரம் இடைவெளி வேணும்.

ஆனால் கடினப் பயிற்சி நாளிலேயே பேச்சு என்பதில் மாற்றமில்லை. களைப்பை ஒரே நாளில் குவித்துவிட்டு மறுநாளை வெறுமையாக விடுவது ஒரு முறை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் களைப்பு என்று பரப்பிவைத்தால் லேசான நாளும் லேசாக இருக்காது, கடினமான நாளும் கடினமாக இருக்காது. எல்லா நாளும் வெதுவெதுப்பான டீ மாதிரி.

சிக்கல் நேரத்தில்தான். சமவெளியில் காலை 5.30க்கு ஓட்டிவிட்டு 12 மணிக்குப் பேசப் போகலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்கு உறைபனி. ரிம் ஈரம், ரப்பர் கல். வெளியே ஓட்டத் தோதான வெயில் நேரம் 10 முதல் 2 வரை. பள்ளிக்கூடம் பேசக் கூப்பிடுவதும் அதே 10 முதல் 2. மலையில் இந்த ரெண்டும் மோதாமல் இருக்க ஒரே வழி, பேச்சு நாளில் வெளியே ஓட்டும் ஆசையை விட்டுவிட்டு வீட்டு ரோலரில் காலை 7க்கு உட்காருவது. பேச்சை மதியம் 2.30க்கு மேல் கேட்டு வாங்குங்க.

ரோலரில்: 15 நிமிடம் வார்ம் அப். 4 நிமிடம் கடினம், 3 நிமிடம் லேசு, இப்படி 5 தடவை. 10 நிமிடம் தணித்தல். ஊட்டி 2240 மீட்டர் உயரம், சமவெளி அட்டவணையில் 2 நிமிட இடைவேளை என்றிருந்தால் இங்கே 3 வையுங்க. முன்சக்கரத்தைக் கட்டுங்க, பின்சட்டத்தையும் கட்டுங்க. ஃபேன் வேணும், வெளியே உறைபனி இருந்தாலும்.

ரோலர் காட்டும் வேகத்தை யாரிடமும் சொல்லாதீங்க. காற்றுத் தடை இல்லாத வேகம் அது. நிமிடத்துக்கு எத்தனை தடவை ரிம்மை அடிக்கிறீர்கள் என்பதை மட்டும் எண்ணுங்க.

கோத்தகிரி மூடுபனி · நவம்பர் 17, இரவு 11.02

ரோலர் வேகத்தைத் தன்னம்பிக்கைப் பேச்சில் மட்டும் சொல்லலாம்.

அரவங்காடு ஸ்பேனர் · நவம்பர் 19, மாலை 6.45

மலை ஏறினால் வெளிக்காற்றழுத்தம் குறையும், அதனால் டயர் தானாகவே கெட்டியாகும், கீழே பேசிவிட்டு வந்தால் காற்றை இறக்கிவிடணும் என்று ஒருவர் சொன்னார். சரியா?

பழைய ரிம் · நவம்பர் 19, இரவு 9.30

பாதி சரி. பாதி சரி என்பது டயரில் முழுத் தப்பு.

மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரியில் 120 பிஎஸ்ஐ அடிக்கிறீர்கள். அங்கே வெளியழுத்தம் 14 சுமார், ஆக டயருக்குள் மொத்தம் 134. ஊட்டியில் வெளியழுத்தம் 11 சுமார். வெப்பம் மாறாமல் இருந்தால் கேஜ் 123 காட்டும், 3 கூடும். அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் ஊட்டியில் 10 டிகிரி. குளிர்ந்த காற்று சுருங்கி உள்ளே 124க்கு வந்துவிடும். அதில் 11 போனால் 113. அதாவது 7 பிஎஸ்ஐ குறையும். இறக்குவது இல்லை, ஏற்றணும்.

அரவங்காடு ஸ்பேனர் · நவம்பர் 20, காலை 8.00

நன்றி. ஜீப் மேலே கட்டி எடுத்துப்போன ரேஸ் சேர் திரும்பி வந்ததும் இழுக்கிற மாதிரி இருக்கு என்று பலர் கொண்டுவருவதுண்டு. டயரைப் பார்ப்பதற்கு முன் சக்கர நேர்மையை (அலைன்மென்ட்) பாருங்க. சமதளத்தில், ஓட்டுபவர் சேரில் உட்கார்ந்திருக்கும்போதே அளக்கணும். அச்சு உயரத்தில் ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு? வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கணும்.

பலருக்குத் தெரியாதது: சக்கரம் மேலே உள்வாங்கிச் சாய்ந்திருப்பதால் சேரின் மூக்கு ஏறி இறங்கினாலே நேர்மை மாறும். மூக்கு தாழ்ந்தால் முன்பக்கம் குறுகும், உயர்ந்தால் விரியும். முன்சக்கரத்துக்கு வேறு தடிமன் டயர் போட்டாலே போதும், பின்சக்கரம் கோணிவிடும். அப்புறம் ஓட்டுபவர் தனக்குத்தான் தெம்பு போச்சு என்று நினைத்துப் பயிற்சியைக் கூட்டுவார்.

கேத்தி 54 · நவம்பர் 20, இரவு 9.15

ரேஸ் சேரைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்றாங்க. பசங்க பார்க்கணுமாம். எடுத்துப்போவது நல்லதா?

பழைய ரிம் · நவம்பர் 20, இரவு 10.10

எடுத்துப்போகலாம். அதில் உட்கார்ந்து பேசக்கூடாது. அந்தக் கூட்டுக்குள் ஏறி இறங்குவது ரெண்டு பெரிய மாறுதல், அதோடு குனிந்த மார்பில் குரல் வராது. சேரை மேசை மேல் வைத்துக் கட்டிவிடுங்க. ஆரக்கம்பிச் சக்கரத்தில் பசங்க விரல் விடுவார்கள். தட்டுச் சக்கரம் இருந்தால் அதை மாட்டுங்க, இல்லையென்றால் அட்டை வெட்டிக் கட்டுங்க. கையுறையையும் உபரி ரிம்மையும் கை மாற்றி அனுப்புங்க, அது போதும்.

பள்ளி வாசல் இறக்கத்தில் "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்பார்கள். மறுத்துவிடுங்க. முன்சக்கரத்தில் ஒரே ஒரு பிரேக், அதுவும் சைக்கிள் பிரேக். மலை இறக்கத்துக்கு அது அலங்காரம்.

மைக் முன்னாடி · நவம்பர் 21, பகல் 12.50

மைக் விஷயம். கையில் பிடிக்கிற மைக்கை வாங்கினால் ஒரு கை போச்சு, சேரைத் திருப்ப முடியாது. சட்டையில் குத்துகிற மைக் மார்புப் பட்டையில் உரசிக் கரகரக்கும். தலையில் மாட்டுகிற மைக் கேளுங்க. அது இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து நீட்டுகிற கை உள்ள ஸ்டாண்ட். நேர் ஸ்டாண்டின் அடித்தட்டு கால்மிதியில் முட்டும், நீங்க எட்டிப் பேசணும், அரை மணியில் கழுத்து பிடிக்கும். பேச்சாளர் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினால் உச்சந்தலை மட்டும் பேசும்.

நிகழ்ச்சி வரிசை: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, அதற்கு அடுத்தது உங்கள் பேச்சு. இதை அழைப்பிதழ் அச்சாகும் முன்னாடியே பேசி முடிங்க. சிறப்பு விருந்தினர் தாமதமானால் 10 மணிக் கூட்டம் 11.30க்கு ஆரம்பிக்கும், நீங்க மேடையில் ரெண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டு உட்காரணும். குத்துவிளக்கின் கீழ்த்தட்டில் திரி இருந்தால்தான் சேரிலிருந்து ஏற்ற எட்டும். சட்டைக் கையை மடிச்சுக்கோங்க.

எஸ்டேட் கூட்டம் என்றால் காலை மஸ்டர் (ஆள் கணக்கெடுக்கும்) நேரம்தான் கிடைக்கும். கொழுந்து எடுக்கப் போகிறவர்களை நிறுத்திவைத்து 40 நிமிடம் பேசினால் யாரும் மன்னிக்கமாட்டார்கள். 12 நிமிடம். அன்னைக்கு ரோலரை மாலைக்குத் தள்ளுங்க.

தோள்பட்டை · நவம்பர் 21, இரவு 8.40

மேடையில் ரெண்டு மணி நேரம் என்றதால் இது. அழுத்தப்புண்ணுக்கு "15 நிமிடத்துக்கு ஒருதரம் கையூன்றி உடம்பைத் தூக்கு" என்று பழைய பாடம். ரெண்டு காரணத்தால் இப்போது அதை விரும்புவதில்லை. தோளுக்குக் கூடுதல் சுமை. சில நொடிதான் தூக்கிப் பிடிக்க முடியும், நசுங்கிய தோலில் ரத்தம் திரும்ப அது போதாது. முன்னால் நன்றாகக் குனிந்து 2 நிமிடம், அல்லது பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து 2 நிமிடம். அரை மணிக்கு ஒருதரம் குறையாமல்.

கோத்தகிரி மூடுபனி · நவம்பர் 21, இரவு 8.52

மேடையில் ரெண்டு நிமிடம் குனிந்தால் "பாவம், தூங்கிட்டார்" என்பார்கள்.

மைக் முன்னாடி · நவம்பர் 21, இரவு 9.20

முன்னால் ஒரு சின்ன மேசை போடச் சொல்லி, முழங்கை ஊன்றி, குறிப்பு படிக்கிற பாவனை. எல்லா விருந்தினரும் அப்படித்தான் தூங்குறாங்க.

தோள்பட்டை · நவம்பர் 22, காலை 7.00

இன்னும் ரெண்டு, பிறகு வேலைக்குப் போகணும்.

தண்ணீர். கழிப்பறைக்குப் பயந்து பேச்சு நாளில் குடிக்காமல் இருப்பது பரவலான பழக்கம். குளிரில் சிறுநீர் கூடுதலாகப் பிரியும், உயரத்தில் மூச்சு வழியாகவும் ஈரம் போகும். குடிக்காவிட்டால் குரலும் வறளும், சிறுநீர்த் தொற்றும் வரும். குழாய் போட்டு வெளியேற்றுபவர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருதரம் என்ற ஒழுங்கை உடைக்காதீங்க. பள்ளியிடம் "வசதி இருக்கா" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு" என்பார்கள். கதவுக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 80 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் வேறு ஏற்பாடு.

ஹீட்டர். விருந்தினர் அறையில் அன்பாகக் காலடியில் வைப்பார்கள். உணர்ச்சி இல்லாத காலில் சுடுவது தெரியாது, கொப்புளம் ராத்திரிதான் கண்ணில் படும். சுடுதண்ணிப் பையும் அதே கதை. ஒரு பாதக் கொப்புளத்துக்கு ரேஸ் சேரில் மடித்து உட்கார முடியாமல் மூன்று வாரம் போகும். கம்பளிக் காலுறை போதும்.

கேத்தி 54 · டிசம்பர் 5, இரவு 9.50

மூன்று பேச்சு முடிஞ்சது. 2.30 மணி ஏற்பாடு ரெண்டு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். மாறுதல் எண்ணிக்கை 10, 12, 14. மறுநாள் தோள் வலி 2, 3, 5. மூன்றாவது நாள் பொன்னாடை ஜரிகை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கவே ரெண்டு மாறுதல். இப்போ தொண்டை கட்டியிருக்கு. ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார்கள்.

பழைய ரிம் · டிசம்பர் 5, இரவு 10.04

என்ன ஊசி என்று கேட்காமல் போடாதீங்க.

தோள்பட்டை · டிசம்பர் 5, இரவு 10.30

விளக்கமாக. அந்த "ஒரே நாள்" ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு, டெக்சாமெதசோன் வகை. 2022 முதல் ஊசியாகப் போடும் எல்லா குளுக்கோகார்டிகாய்டும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது முந்தின நாள் இரவு 11.59க்கு ஆரம்பிக்கும். டிசம்பரில் போட்டால் பிப்ரவரிக்குள் போய்விடும் என்று பொதுவாக நினைக்கவேண்டாம். மருந்தைப் பொறுத்தது. ட்ரையாம்சினலோன் தசையில் போட்டால் 60 நாள் இடைவெளி சொல்கிறார்கள். சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்க, அதுவும் போட்டிக் காலத்தில் அளவுக்கு மேல் தடை. மருத்துவரிடம் நுழைந்ததும் முதல் வாக்கியமே "ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டவர்" என்று இருக்கணும்.

இப்போதைக்கு ஆவி, வெந்நீர், நாலு நாள் மௌனம். கிசுகிசுப்பதும் பேச்சுத்தான், அதில் குரல்வளை இன்னும் இறுகும்.

பழைய ரிம் · டிசம்பர் 6, காலை 6.40

எண்களைப் பார்த்தால் உங்கள் எல்லை 12. அதற்கு மேல் போன நாளின் மறுநாள் ரோலரும் வேண்டாம், ரப்பர் பட்டை இழுப்பும் வேண்டாம். சாதாரணப் பேச்சு நாளுக்கு மறுநாள் பட்டை இழுப்பு மட்டும்: வெளிச்சுழற்சி 15, மூன்று சுற்று, பின்னிழுப்பு 12, மூன்று சுற்று. வாரம் முழுக்கத் தள்ளுகிற தோளுக்கு இழுக்கிற வேலை ரெண்டு மடங்கு வேணும்.

வாரம் ஒரு பேச்சு, மாதம் மூன்று. ஜனவரி 31க்குப் பிறகு சென்னை முடியும்வரை ஒன்றுகூட இல்லை. இதை இப்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இருக்காது.

சில்வர் ஓக் · டிசம்பர் 8, பகல் 3.15

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா? கனடாவின் ரிக் ஹான்சன் 1985 முதல் 1987 வரை 34 நாடு, 40,000 கிலோமீட்டருக்கு மேல் சக்கர நாற்காலியில் போய் ஊர் ஊராகப் பேசவும் செய்தாரே?

பழைய ரிம் · டிசம்பர் 8, இரவு 9.45

அவர் செய்தது பயணம். தினமும் ஓரளவு வேகத்தில் போகணும், எந்த ஒரு நாளிலும் உச்சத்தில் இருக்கவேண்டியதில்லை. 1500 மீட்டர்க்காரருக்குப் பிப்ரவரியில் சில நிமிடங்கள்தான் கணக்கு. அந்த நிமிடங்களுக்காக மற்ற நாளை ஒதுக்கணும்.

சக்கர நாற்காலி மராத்தான் உதாரணம் பேச்சுக்கு நல்லது. 1975 பாஸ்டனில் பாப் ஹால் 2 மணி 58 நிமிடம். 2021இல் ஜப்பானின் ஒய்த்தாவில் மார்செல் ஹக் 1 மணி 17 நிமிடம் 47 நொடி, சராசரி மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 46 வருஷம். அதே மனிதத் தோள்தான், மாறியது சட்டம், ரிம், கையுறை, பயிற்சி. ஒன்பதாம் வகுப்புப் பசங்களிடம் இதைச் சொல்லி ரிம்மைக் கையில் கொடுத்தால் கேள்வி கொட்டும். அழவைக்கும் கதை சொன்னால் ஆசிரியர்கள்தான் அழுவார்கள், பசங்க மணியைப் பார்ப்பார்கள்.

மைக் முன்னாடி · டிசம்பர் 8, இரவு 10.10

கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கேத்தி 54 · ஜனவரி 19, இரவு 8.30

தொண்டை சரியாச்சு, ஊசி போடலை. ஊட்டி டிராக்கில் 1500 நேரம் நல்லா வருது. சென்னையில் இதே வருமா?

பழைய ரிம் · ஜனவரி 19, இரவு 9.55

நேரத்தை நம்பாதீங்க. ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வேகமாக ஓட்டும்போது தடுப்பதில் பெரும்பங்கு காற்றுதான், அதனால் இங்கே சேர் வழுக்கிக்கொண்டு போகும். 1000 மீட்டருக்கு மேலே எடுத்த நேரத்தின் பக்கத்தில் உயரத்தைக் குறிக்க ஒரு எழுத்துப் போடும் வழக்கம் தடகளத்தில் சும்மா வரவில்லை. மறுபக்கம், ஆக்ஸிஜன் குறைவால் கடைசிச் சுற்றில் இங்கே அதிகம் திணறுவீர்கள். ரெண்டும் ஒன்றையொன்று எவ்வளவு ஈடுகட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சென்னையில் உங்களை அடிக்கப்போவது காற்று இல்லை, வெக்கை. பத்து நாள் முன்னாடி இறங்குங்க. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் எடுத்துப்போங்க, வியர்க்காத உடம்புக்கு அதுதான் வியர்வை. வளைவு நெம்புகோலையும் (வளைவில் முன்சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவது) அங்கே முதல் நாளே மறுபடி செட் பண்ணுங்க: நுழையும்போது ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு, நடுவில் கை வைக்காமல் கோட்டுக்குள் நிற்கணும்.

கேத்தி 54 · ஜனவரி 20, காலை 6.10

இறங்கின பத்து நாளில் சென்னையில் ரெண்டு கல்லூரி பேசக் கூப்பிட்டிருக்கு...

தோள்பட்டை · ஜனவரி 20, காலை 6.25

வேண்டாம்.

பழைய ரிம் · ஜனவரி 20, காலை 6.26

வேண்டாம்.

அரவங்காடு ஸ்பேனர் · ஜனவரி 20, மாலை 7.15

இறங்குவதற்கு முன்னாடி கையுறை ரப்பரை மாற்றிடுங்க. பழையதை உரித்து, உப்புத்தாளால் தேய்த்து, ரெண்டு மெல்லிய பூச்சு பசை. சமவெளியில் 10 நிமிடம் காயவிட்டு ஒட்டுவார்கள். இங்கே மூடுபனியில் பசை மேலே ஈரம் படிந்து வெள்ளையாகப் பூக்கும், அப்படியே ஒட்டினால் மூன்றாவது நாள் உரிந்து வரும். உலர்ந்த அறையில், 60 வாட் குண்டு பல்பு பக்கத்தில் அரை மணி. ஒட்டியபின் ராத்திரி முழுக்க இறுக்கிக் கட்டி வையுங்க. புது ரப்பரோடு போட்டிக்கு முன் நாலு தடவையாவது ஓட்டிப் பழகணும்.

பனி நேரத்தில் ரிம்மைத் துடைக்க அந்தப் பொன்னாடைகள் ஆகுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார்.

கோத்தகிரி மூடுபனி · ஜனவரி 20, இரவு 9.00

ஆகாது. பாலியஸ்டர், ஈரத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும். அடுத்த தடவை அழைப்பவர்களிடம் கைத்தறித் துண்டாகப் போர்த்தச் சொல்லுங்க. குஞ்சம் இல்லாததாக.

கேத்தி 54 · ஜனவரி 20, இரவு 9.40

25ஆம் தேதிப் பள்ளிக்கு அப்படியே சொல்லியாச்சு. "எத்தனை துண்டு?" என்று கேட்டாங்க. ரெண்டு, ரிம்முக்கு ஒன்று என்றேன்.